மருந்தை வாங்கத் தெரிந்தவர்கள்

1960களின் முடிவில் இலங்கையில் சுமார் 2,100 மருந்துகள் விற்பனையில் இருந்தன. அந்தத் தீவில் அத்தனை நோய்கள் கிடையாது. ஒரே மருந்து கம்பெனிக்கு ஒரு பெயரில், பெயருக்கு ஒரு விலையில் கடைக்கு வந்துகொண்டிருந்தது. கூடவே இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்த கலவைகள், உடம்புக்குத் தெம்பு தருவதாகச் சொல்லிக்கொண்ட டானிக்குகள், வகைவகையான இருமல் சிரப்புகள். எதை எழுதிக்கொடுப்பது என்று டாக்டருக்கு வழிகாட்டியவை பெரும்பாலும் கம்பெனிப் பிரதிநிதிகள் மேசையில் விட்டுப்போன வழவழப்பான தாள்கள்தாம். இத்தனையையும் இறக்குமதி செய்யச் செலவான அந்நியச் செலாவணி, முக்கியமாகத் தேயிலை விற்று வந்த காசு. தேயிலையின் விலையோ உலகச் சந்தையில் இறங்குமுகமாக இருந்தது.

ஏழை நாடுகளுக்கு நல்ல மருந்து கிடைத்த கதையை வழக்கமாக ஆய்வுக்கூடத்திலிருந்து தொடங்குவார்கள். பெனிசிலின் வந்தது, காசநோய்க்கு மருந்து வந்தது, தடுப்பூசி வந்தது என்று அந்தக் கதை போகும். ஆனால் கண்டுபிடித்த மருந்து ஒரு தாலுகா ஆஸ்பத்திரியின் ஜன்னல்வரை வந்து சேர்ந்த கதை வேறு. அது கொள்முதல் மேசையில் நடந்தது. டெண்டர் தாள்களும் கிடங்குச் சாவிகளும் நிறைந்த கதை என்பதால் அதைச் சொல்பவர்கள் குறைவு. அதன் முதல் பெரிய அத்தியாயம் கொழும்பில் எழுதப்பட்டது.

சேனக பிபிலே 1920ல் பிறந்தவர். கண்டி டிரினிட்டி கல்லூரியில் படித்து, கொழும்பில் மருத்துவம் முடித்து, எடின்பரோவில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். மருந்தியல் பேராசிரியர், லங்கா சமசமாஜக் கட்சிக்காரர். இடதுசாரி என்பதால் பன்னாட்டுக் கம்பெனிகள்மேல் அவருக்குக் கோபம் இருந்தது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவருடைய வேலையைப் பார்த்தால் கோபத்தைவிடக் கணக்குதான் அதிகம் தெரிகிறது. 1950களின் பிற்பகுதியில் அரசு வைத்தியசாலைகளுக்கென்று ஒரு மருந்துக் கையேட்டை உருவாக்குவதில் அவர் முன்னின்றார். வியாபாரப் பெயர்களைத் தள்ளிவிட்டு, மருந்தின் மூலப் பெயரைக் கொண்டு, எதற்கு எதைக் கொடுக்கலாம் என்று டாக்டர்களுக்குச் சொன்ன கையேடு அது. அரசு வைத்தியசாலைகள் மருந்து வாங்கும் பட்டியல் அதனால் ஒழுங்குக்கு வந்தது. தனியார் சந்தை மட்டும் பழையபடியே பெருத்துக்கொண்டிருந்தது.

அந்தச் சந்தையின் விலைக்குப் பின்னால் ஒரு தந்திரம் இருந்தது. இலங்கையில் ஆலை வைத்து மாத்திரை தயாரித்த வெளிநாட்டுக் கம்பெனிகள் மூலப்பொருளைத் தங்கள் தாய்க் கம்பெனியிடமிருந்தே வாங்கின. திறந்த சந்தையில் அதே பொருள் கிடைக்கும் விலையைப்போலப் பல மடங்கு விலை போட்டுப் பில் வந்தது. உள்ளூர்க் கணக்கில் லாபம் கொஞ்சமாகத்தான் தெரியும். அசல் லாபம் மூலப்பொருள் விலைக்குள் ஒளிந்து ஏற்கெனவே கப்பலேறிப் போயிருக்கும். வரியும் கிடையாது, கேள்வியும் கிடையாது.

1970ல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் தலைமையில் சுதந்திரக் கட்சி, சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி மூன்றும் சேர்ந்த ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. கம்யூனிஸ்ட் தலைவரும் மருத்துவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பிபிலேயும் சேர்ந்து 1971ல் மருந்து நிர்வாகம் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதே ஆண்டு அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தோன்றியது. அதன் முதல் தலைவர் பிபிலே.

கூட்டுத்தாபனம் செய்த வேலையைச் சொன்னால் இன்று சாதாரணமாகத் தோன்றும். முதலில் பட்டியலைச் சுருக்கினார்கள்: 2,100 என்றிருந்தது சுமார் 600 ஆனது. பிறகு நாட்டுக்கு வேண்டிய மொத்த அளவையும் ஒன்றாகக் கூட்டி, மூலப் பெயரைச் சொல்லி, உலகம் முழுவதிலுமிருந்து விலை கேட்டார்கள். அதுவரை மேற்கு ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மட்டுமே பார்த்துவந்த ஒரு சின்ன நாடு, இந்தியாவையும் போலந்தையும் ஹங்கேரியையும்கூட விலை கேட்கத் தொடங்கியது. வந்த விலைகள் பழைய விலைகளைக் கேலி செய்தன. சில மருந்துகளில் பழைய விலையின் சின்னப் பங்குக்கே சரக்கு கிடைத்தது. 1973 வாக்கில் கூட்டுத்தாபனம் அடுத்த படிக்குப் போனது. தனியார் ஆலைகளுக்கு வேண்டிய மூலப்பொருளையும் இனி தானே வாங்கித் தருவதாகச் சொன்னது. அந்த இடத்தில்தான் கம்பெனிகளுக்கு உண்மையிலேயே வலித்தது.

எதிர்ப்பு பல ரூபங்களில் வந்தது. அமெரிக்க மருந்து உற்பத்தியாளர் சங்கத்திடமிருந்து பிரதமருக்குக் கடிதம் போனது. உள்ளூர் டாக்டர்களில் ஒரு பகுதியினர், எழுதும் உரிமையில் அரசு கை வைக்கிறது என்றார்கள். எல்லாவற்றையும்விட வலுவாக நின்ற வாதம் தரம் பற்றியது. மலிவாக வாங்கினால் மட்டமான மருந்துதான் வரும், நோயாளிக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? இந்தக் கேள்வியை வெறும் சூழ்ச்சி என்று தள்ளிவிட முடியாது. கேட்டவர்களுக்கு வேறு நோக்கம் இருந்தது உண்மை. ஆனால் மலிவுக்கும் மட்டத்துக்கும் நடுவில் ஒரு சோதனைக்கூடம் இல்லாவிட்டால் அந்தக் கேள்வி நியாயமாகிவிடும் என்பதை அடுத்த ஐம்பது ஆண்டுகள் பல நாடுகளில் காட்டின.

மோதல் உச்சத்துக்குப் போனது டெட்ராசைக்ளினில். கூட்டுத்தாபனம் அதன் மூலப்பொருளை ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் கம்பெனியிடம் வாங்கி, இலங்கையில் ஆலை வைத்திருந்த ஃபைசரைக் காப்ஸ்யூலாக்கித் தரச் சொன்னது. ஃபைசர் மறுத்தது. அது காலரா பரவியிருந்த நேரம். டெட்ராசைக்ளின் அவசரமாக வேண்டியிருந்தது. உள்ளூரில் ஆலையும் மூலப்பொருளும் இருக்க, காப்ஸ்யூல்களை விமானத்தில் கூடுதல் செலவில் வரவழைக்க வேண்டியதாயிற்று. ஆலையை அரசுடைமையாக்க வேண்டும் என்று அரசுக்குள் குரல் எழுந்தது. அமெரிக்கத் தூதர் நேரே பிரதமரிடம் பேசினார். ஆலை கம்பெனியிடமே இருந்தது. சஞ்சய லால் என்ற பொருளாதார அறிஞரோடு சேர்ந்து பிபிலே எழுதிய கட்டுரையில் இந்தச் சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. பன்னாட்டுக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்த முயன்ற ஒரு நாட்டின் அனுபவம் என்ற வகையில் அந்தக் கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

பிபிலேக்குக் கிடைத்த அவகாசம் கொஞ்சம்தான். 1975ல் சமசமாஜக் கட்சி ஆட்சியைவிட்டு வெளியேற்றப்பட்டது. 1976ல் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு, மருந்து வாங்குவதிலும் தயாரிப்பதிலும் வளரும் நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. உள்நாட்டில் இளைத்துக்கொண்டிருந்த கொள்கைக்கு வெளியுலகில் மரியாதை கூடியது. 1977ல் ஜே. ஆர். ஜயவர்தனவின் ஐக்கிய தேசியக் கட்சி வென்றதும் இறக்குமதிக் கதவுகள் மறுபடி அகலத் திறந்தன. ஐநாவின் வர்த்தக மேம்பாட்டு அமைப்புக்காக கயானாவில் மருந்துக் கொள்கைப் பணியில் இருந்த பிபிலே, அந்த ஆண்டு செப்டம்பர் 29ம் தேதி அங்கேயே இறந்தார். அடுத்த மாதம் ஜெனீவாவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கூடி, அந்த நிறுவனத்தின் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலைத் தயாரித்தது. சுமார் 200 மருந்துகள். ஒரு நாட்டு மக்களின் பெரும்பாலான நோய்களுக்கு இது போதும் என்று அந்த நிறுவனமே சொன்னபோது, 600 மருந்து போதும் என்றதற்காகப் பிபிலே வாங்கிய வசவுகளின் அளவு விளங்கியது.

கூட்டுத்தாபனம் அழியவில்லை. ‘ஒசுசல’ என்ற அதன் மருந்துக்கடைகள் இலங்கையில் இன்றும் நடக்கின்றன. தனியார் கடையில் விலை கேட்டு மலைத்தவர்கள் தேடிப் போகும் இடம் அது. 1987ல் ஜப்பானிய உதவியோடு அரசு மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனமும் வந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில், பொருளாதாரத் தடைக்குள் இருந்த வடக்குக்கு மருந்து போனதும் போகாததும் வேறு கதை. அதைக் கொள்முதல் மேசை தீர்மானிக்கவில்லை, பாதுகாப்பு அமைச்சு தீர்மானித்தது.

பிபிலேயின் பாடத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஓடிய நாடு வங்கதேசம். 1971 விடுதலைப் போரில் திரிபுரா எல்லையில் போராளிகளுக்கு நடத்திய கள மருத்துவமனையிலிருந்து வளர்ந்தது கணசுவாஸ்த்ய கேந்திரா. அதை நிறுவியவர் ஜாஃபருல்லா சௌத்ரி. டாக்காவுக்கு அருகே சாவாரில் 1981ல் அந்த அமைப்பே மருந்து ஆலை தொடங்கியது. மறு ஆண்டு மார்ச்சில் ராணுவத் தளபதி எர்ஷாத் ஆட்சியைப் பிடித்தார். பேராசிரியர் நூருல் இஸ்லாம் தலைமையில் எட்டுப் பேர் குழு அமைந்தது. சௌத்ரியும் அதில் ஒருவர். சில வாரங்களில் அறிக்கை. ஜூன் 12ல் அவசரச் சட்டம். பயனற்றவை, கெடுதலானவை என்று 1,700க்கும் மேற்பட்ட மருந்துகள் ஒரே வீச்சில் தடைசெய்யப்பட்டன. ஜனநாயகத்தில் பிபிலேயால் ஐந்தாண்டில் முழுதாகச் செய்ய முடியாததை ஒரு ராணுவ ஆட்சி நான்கு மாதத்துக்குள் செய்தது. இதில் பெருமைப்படுவதா சங்கடப்படுவதா என்பது வங்கதேசத்தவருக்கே இன்னும் தீராத வழக்கு. அங்கேயும் அமெரிக்கத் தூதர் போய்ப் பேசினார். இம்முறை அரசு பெரிதாக வளையவில்லை. உள்ளூர் ஆலைகள் பெருகின. தன் மருந்துத் தேவையில் மிகப் பெரும் பகுதியை அந்த நாடு இன்று தானே தயாரித்துக்கொள்கிறது.

ஆனால் டாக்கா குழந்தைகள் மருத்துவமனையில் 1990 முதல் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. காய்ச்சலுக்கு வந்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோனது. சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். காரணத்தைத் தேடிய மருத்துவர்கள் கடைசியில் பாரசிட்டமால் சிரப்பைப் பிடித்தார்கள். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது.

இந்தப் பெயர் மருந்து வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும். நிறமில்லாத, லேசாக இனிக்கும் தொழிற்சாலைத் திரவம் அது. வாகனங்களின் பிரேக் திரவம்வரை பல இடங்களில் உபயோகம். சிரப்பில் மருந்தைக் கரைக்கச் சேர்க்க வேண்டிய கிளிசரினோ புரோபிலீன் கிளைக்காலோ விலை அதிகம். இது மலிவு, கண்ணுக்கும் நாக்குக்கும் வித்தியாசம் தெரியாது. 1937ல் அமெரிக்காவில் ஒரு சல்ஃபா சிரப்பில் இது கலந்து 105 பேர் இறந்தார்கள். அதன் விளைவாகத்தான் 1938ல் அங்கே கடுமையான மருந்துச் சட்டம் பிறந்தது. 1986ல் பம்பாய் ஜேஜே மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கொடுத்த கிளிசரினில் இது இருந்து 14 பேர் மாண்டார்கள். நீதிபதி லெண்டின் விசாரித்தபோது, மருத்துவமனை வாங்கிய விதம், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்ணை மூடிக்கொண்ட விதம், அமைச்சர் மட்டம்வரை போன விவகாரம் எல்லாம் அம்பலமாயின. டாக்காவில் 1992ன் இறுதியில் பாரசிட்டமால் சிரப் விற்பனை நிறுத்தப்பட்டதும், சிறுநீரகம் செயலிழந்து வரும் குழந்தைகளின் எண்ணிக்கை செங்குத்தாக விழுந்தது. குற்றவாளிகளுக்கு நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது 2014ல். நடுவில் இருபது ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

விலையைக் குறைப்பதில் வென்ற கொள்கை, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில் கோட்டைவிட்டது. கொழும்பிலும் டாக்காவிலும் அரைகுறையாக நின்ற இந்த இரண்டாவது பாதியை ஓரளவு ஒழுங்காகச் செய்து காட்டியது சென்னை.

அதற்கு முன் இந்தியாவின் நிலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க செனட்டர் கெஃபாவரின் குழு, உலகிலேயே மருந்து விலை அதிகமுள்ள நாடுகளில் ஒன்றாக இந்தியாவைச் சுட்டியது. 1970ல் நிறைவேறி 1972ல் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டம் அதை மாற்றியது. 2005வரை மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இருக்கவில்லை, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் இருந்தது. இன்னொரு முறையில் அதே மருந்தைச் செய்துகொள்ள முடிந்தது. ஆலைகள் பெருகி, விலை விழுந்து, இந்தியா ஏழை நாடுகளின் மருந்துக்கடையானது. ஆனாலும் மருந்து மலிந்த நாட்டிலேயே அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லை.

1990களின் தொடக்கம்வரை தமிழ்நாட்டு ஜி.எச்.சில் மாத்திரை வாங்கியவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். ஆயிரம் மாத்திரை கொண்ட டப்பாவைத் திறந்து, கம்பவுண்டர் எண்ணிப் பேப்பரில் மடித்துக் கொடுப்பார். மழைக்காலத்தில் மாத்திரை ஈரம் கோத்துப் பொடியும். மிக்சருக்கு வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுபோக வேண்டும். பல நாள் சீட்டில் எழுதிய மருந்து ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்ற பதில்தான். மருந்துக்கு அரசு பணம் ஒதுக்காமலில்லை. வாங்கிய விதத்தில் பணம் கசிந்தது. தேவைக்குச் சம்பந்தமில்லாமல் சில மருந்துகள் குவிந்து காலாவதியாயின, தேவையானவை வரவில்லை. கொள்முதல் ஊழல் பற்றிய புகார்கள் பெரிதாக வெடித்த பிறகுதான் புதிய ஏற்பாட்டுக்கு வழி பிறந்தது.

1994 ஜூலை 1ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒரு கம்பெனியாகப் பதிவானது. 1995 ஜனவரியில் மருந்து வழங்கத் தொடங்கியது. அதை வடிவமைத்தவர் என்று பேர் பெற்றவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர். பூரணலிங்கம். கழகத்தின் ஏற்பாடுகளில் மேதாவித்தனம் எதுவும் இல்லை. ஒவ்வொன்றும், பழைய முறையில் யார் எங்கே கைவைத்தார்களோ அந்த ஓட்டையை அளந்து அடைத்த வேலை.

பட்டியல் முதலில். மாநிலம் முழுவதற்கும் அத்தியாவசிய மருந்துகள் எவை என்று மருத்துவர்கள் குழு முடிவுசெய்யும். மூலப் பெயரில்தான் டெண்டர். சில ஆண்டுகளாவது அந்த மருந்தைத் தயாரித்து விற்றிருக்க வேண்டும், ஆலை முறையாக இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பார்கள். தொழில்நுட்பத் தகுதி ஓர் உறையில், விலை இன்னோர் உறையில். முதல் உறையில் தேறாதவரின் இரண்டாவது உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். தரம் தாழ்ந்தவர் விலையைத் தாழ்த்திப் போட்டு உள்ளே நுழைவதை இந்த எளிய ஏற்பாடு தடுத்தது.

சரக்கு சென்னைக்கு வந்து பிறகு பிரிந்து போகவில்லை. நேராக மாவட்டக் கிடங்குகளுக்குப் போய் இறங்கியது. இறங்கிய சரக்கு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடாது. தனியாக ஒதுக்கி வைக்கப்படும். ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனியின் பெயர் தெரியாதபடி மறைத்து, வெறும் குறியீட்டு எண் போட்டுச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். யாருடைய மாத்திரையைச் சோதிக்கிறோம் என்று கூடத்தில் இருப்பவருக்குத் தெரியாது; தெரியாதவரிடம் போய் யாரும் சிபாரிசு பேச முடியாது. தேறினால்தான் பெட்டி நகரும், தேறினால்தான் பில்லுக்குப் பணம். தவறியவர் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டும். மீண்டும் மீண்டும் தவறினால் கறுப்புப் பட்டியல். ஒழுங்காகக் கொடுத்தவருக்குப் பணம் இழுத்தடிப்பில்லாமல் போனது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அரசிடம் பணம் வாங்க வருடக்கணக்கில் அலைய வேண்டியிருந்தால், நல்ல கம்பெனிகள் டெண்டர் பக்கமே வராது. அலையத் துணிந்தவர்கள் அந்தச் செலவையும் விலையில் சேர்ப்பார்கள், இல்லையென்றால் மருந்தில் குறைப்பார்கள்.

டப்பா மாத்திரைகள் போய் ஸ்டிரிப்புகள் வந்தன. அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று ஒவ்வொன்றிலும் அச்சு. ஜி.எச். மருந்து எதிர்ச்சாரி மெடிக்கல் ஷாப்பில் விற்கப்படுவதாக ஊர்தோறும் இருந்த முணுமுணுப்புக்கு அந்த ஒரு வரி அச்சு பெரிய தடை. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி பாஸ்புக் கொடுத்தார்கள். ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று அதில் வரவு வைக்கப்படும். மருந்து எடுக்க எடுக்கக் கழியும். என்ன மருந்து, எவ்வளவு என்பதை அந்தந்த ஆஸ்பத்திரியே தன் நோயாளிகளைப் பார்த்து முடிவுசெய்யலாம். மருந்து நிதியில் 90 சதவீதம் கழகத்தின் வழியாக. திடீர்த் தேவைக்கு 10 சதவீதம் உள்ளூரில் வாங்கிக்கொள்ளலாம். கணினி பல அரசு அலுவலகங்களில் உறை போட்டு மூடி வைத்த அலங்காரப் பொருளாக இருந்த காலத்திலேயே, எந்தக் கிடங்கில் எது எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று கழகம் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தது.

குறையே இல்லை என்று சொல்ல முடியாது. தட்டுப்பாடு, தாமதம், காலாவதி என்று தணிக்கை அறிக்கைகளும் செய்திகளும் அவ்வப்போது சுட்டிக்காட்டியிருக்கின்றன. ஆனாலும் மற்ற மாநிலங்கள் இதைப் பார்த்துப் போக வந்தன. 2007ல் கேரளம் இதேபோல ஒரு கழகத்தை அமைத்தது. ராஜஸ்தான் 2011ல் கழகம் அமைத்து, அந்த ஆண்டு காந்தி ஜெயந்தி அன்று இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. ஆட்சிகள் மாறி மாறி வந்த தமிழ்நாட்டில், முந்தைய ஆட்சி கொண்டுவந்தது என்பதற்காக இதை யாரும் கலைக்கவில்லை என்பதே ஓர் ஆச்சரியம்.

இலங்கை பிபிலேக்கு மரியாதை செய்ய 2015வரை ஆனது. நீண்ட இழுபறிக்குப் பின் அந்த ஆண்டு அவருடைய கொள்கையை முன்வைத்தே தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டம் நிறைவேறியது. ஏழு ஆண்டில் டாலர் தீர்ந்தது. 2022 மார்ச்சில் மருந்துப் பற்றாக்குறையால் பேராதனை போதனா வைத்தியசாலை அவசரமல்லாத அறுவைச் சிகிச்சைகளை நிறுத்தியது. பிபிலே பாடம் எடுத்த ஊர். இந்திய அரசு உதவிக்கு வந்தது. தமிழ்நாடு சட்டமன்றம் அடுத்த மாதம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டு, அரிசி, பால் பவுடரோடு 28 கோடி ரூபாய் மதிப்பில் 137 வகை மருந்துகள் அனுப்ப முன்வந்தது. மே மாதம் சென்னையிலிருந்து முதல் கப்பல் கிளம்பியது.

நெருக்கடி இன்னொரு வேலையும் செய்தது. அவசரம் என்ற பெயரில், பதிவு, சோதனை என்ற படிகளைத் தாண்டிக் கொள்முதல் செய்யும் வழக்கம் வந்தது. 2023ல் வைத்தியசாலைகளுக்கு வந்த இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து தரமற்றது என்று தெரியவந்தது. இறக்குமதி ஆவணங்களே போலி என்று வழக்கு. முன்னாள் சுகாதார அமைச்சர் 2024 பிப்ரவரியில் கைதானார்.

2022 அக்டோபரில் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவிலிருந்து வந்த செய்தி இன்னும் மோசம். சுமார் 70 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்திருந்தார்கள். ஹரியானாவில் தயாரான நான்கு சிரப்புகள் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்தது. அதே டைஎத்திலீன் கிளைக்கால். அப்போது காம்பியாவில் அதைச் சோதிக்க ஒரு கூடம்கூட இல்லை. விற்றவரின் சான்றிதழை நம்புவதைத் தவிர வாங்கிய நாட்டுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் புழங்கும் மருந்துப் பொருட்களில் பத்தில் ஒன்று தரக்குறைவானது அல்லது போலி என்று 2017ல் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருந்தது.

தமிழ்நாட்டிலும் மருத்துவப் பணிகள் கழகத்தின் ஒழுங்கு, கழகம் வாங்கும் மருந்துக்கு மட்டும்தான். மெடிக்கல் ஷாப்பில் தன் காசைக் கொடுத்து வாங்குபவருக்காகக் குறியீட்டு எண் போட்டு மாதிரி எடுப்பவர் யாரும் இல்லை. அங்கே இருப்பது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் அதன் ஆய்வாளர்களும். 2014ல் அம்மா மருந்தகங்கள், 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் என்று கடைத்தெருவுக்கும் அரசு வந்திருக்கிறது. அவை விலைக்குப் பதில் சொல்கின்றன. மற்ற கடைகளில் விற்கும் சரக்கின் தரத்துக்கு அவை பொறுப்பேற்க முடியாது.

அந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று 2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் தெரிந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சளி, இருமலுக்கு ‘கோல்ட்ரிஃப்’ சிரப் குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். சிரப் தயாரானது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஒரு சிறிய ஆலையில். மத்தியப் பிரதேசத்திலிருந்து கடிதம் வந்த ஓரிரு நாளில் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சென்னையில் சோதித்து முடித்தது. டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். ஆலைக்குள் போன குழு 300க்கும் மேற்பட்ட விதிமீறல்களை எழுதிவந்தது. சோதிக்கத் தெரிந்த மாநிலம்தான். தன் எல்லைக்குள் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த ஆலையின் கதவை மட்டும் ஒழுங்காகத் தட்டவில்லை. உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார், ஆய்வாளர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். தயாரிப்புக்கு முன் மூலப்பொருளையும் விற்பனைக்கு முன் ஒவ்வொரு தொகுப்பையும் சோதிக்க வேண்டும் என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். அந்த விதி ஏற்கெனவே சட்டத்தில் இருந்ததுதான்.